வெளி மாநிலத் தொழிலாளர், நம்ம ஊர்க் கூலி, கட்சிகளின் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் ஜங்ஷனில் தன்பாத் – ஆலப்புழை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது முன்பதிவில்லாப் பெட்டியைப் பாருங்கள். பெயிண்ட் வாளிக்குள் துணிமணியைத் திணித்துக்கொண்டு, இரண்டு நாள் தூக்கம் கெட்ட கண்ணோடு, பிளாட்பாரத்தில் யாரோ ஒருவரைத் தேடிக்கொண்டு இறங்குகிற பையன்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம். அவர்களோடு சேர்த்து நம்மைப் பற்றியும்.

நான் அம்மாபேட்டையில் 20 வருஷம் தறி ஓட்டியவன். அப்புறம் தொழிற்சங்க வேலைக்கு வந்துவிட்டேன். இழப்பீட்டு மனு எழுதுவது, தொழிலாளர் அலுவலகத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது, இதுதான் அன்றாடம். டீக்கடையிலும் சங்கக் கூட்டத்திலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

வடக்கே இருந்து ஆள் வந்ததால்தானே நம் கூலி ஏறவில்லை?

சில வேலைகளில் ஆமாம். இதை மழுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

சிவதாபுரம் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மாடியில் ஒரே அறை, 11 பேர் தங்கல். கீழே ஒடிசாவிலிருந்து வந்த 19 வயதுப் பையன் ஒருவன் வளையங்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் ஆணியில் ஒரு கணக்கு நோட்டு தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். முன்பணம், ரயில் டிக்கெட், சாப்பாடு, செல்போன் ரீசார்ஜ் என்று தேதி வாரியாகப் பிடித்தம். ஏழு மாசம் வேலை செய்திருக்கிறான். கடைசிக் கணக்குப்படி அவன்தான் இன்னும் 4,200 ரூபாய் தர வேண்டும். ஆதார் கார்டும் ஏடிஎம் கார்டும் அவனைக் கூட்டிவந்த மேஸ்திரி கையில்.

அதே பட்டறைக்கு வீட்டிலிருந்தபடியே சங்கிலி கோத்துக் கொடுக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், உள்ளூர்க்காரர். அவருக்கு ஆறு வருஷமாக ஒரே கூலி. கூட்டிக் கேட்டால் "அந்தப் பையன் இதைவிடக் குறைச்சலுக்குச் செய்யறானே" என்கிறார் முதலாளி. உண்மைதான், அவன் செய்கிறான். வேறு என்ன செய்வான்? அக்காவுக்குக் கூலி கட்டுபடியாகவில்லை என்றால் நாளைக்கே பனங்காட்டில் வேறு பட்டறை பார்த்துக்கொள்வார். அந்தப் பையனால் தெருமுனை பட்டறைக்குக்கூட மாற முடியாது. அந்த நோட்டுதான் அக்காவின் கூலியையும் பிடித்து வைத்திருக்கிறது.

ஆள் வந்ததால் கூலி நின்றதா, வந்த ஆளைக் கட்டிப்போட்டதால் நின்றதா என்று யாராவது கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன். அவன் கையில் ஆதாரும் ஏடிஎம் கார்டும் இருந்து, கூலி பேசி வாங்க முடிந்தால், அவனைக் காட்டி அக்காவின் வாயை அடைக்க முடியாது.

நம்ம பையன்கள் ஏன் அந்த வேலைக்கு வருவதில்லை?

படித்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். தறிக்காரர் மகன் ஓசூருக்கோ சென்னைக்கோ போகிறான், அல்லது பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். 12 மணி நேர வேலை, பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை என்றால் யார் வருவார்கள்? "நம்ம ஆளுங்களுக்கு உடம்பு வணங்காது" என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அவன் அப்பா அந்த வேலையில் நுரையீரல் கெட்டுப் போனதைப் பார்த்து வளர்ந்தவன் அவன்.

இவர்களுக்குச் சட்டம் எதுவும் இல்லையா?

இருந்தது. ஒடிசாவில் 'தாதன்' என்ற பெயரில் முன்பணம் கொடுத்துக் கூட்டம் கூட்டமாக ஆள் ஓட்டிப்போன அக்கிரமத்தைப் பார்த்துத்தான் 1979-ல் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் வந்தது. அப்படி 5 பேர் வேலை செய்தாலே இடம் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தக்காரர் உரிமம் வாங்க வேண்டும், போகவர பயணப்படி, இடம்பெயர்வுப் படி, தங்குமிடம் தர வேண்டும் என்றது. காகிதத்தில் நல்ல சட்டம். அதன்படி பதிவு செய்த ஒரு கொலுசுப் பட்டறையை நான் இதுவரை பார்த்ததில்லை.

2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த நேரத்தில் நாடாளுமன்றம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அவை அமலில் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் இல்லாமல் தானாக வந்து வேலைக்குச் சேர்ந்தவரையும் புலம்பெயர்ந்த தொழிலாளி என்று ஒத்துக்கொண்டது அதில் ஒரு நல்ல காரியம். ஆனால் 5 பேர் என்றிருந்ததை 10 ஆக்கிவிட்டார்கள். இடம்பெயர்வுப் படியும் போய்விட்டது. சேலத்தில் பெரும்பாலான பட்டறைகளில் மூன்று பேர், ஏழு பேர் என்றுதான் வேலை செய்கிறார்கள். இளம்பிள்ளையிலும் தாரமங்கலத்திலும் தறிக்கூடங்கள் அப்படித்தான். ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் எத்தனை பேர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்த மாற்றம் கொரோனாவில் இவர்கள் ரோட்டில் நடந்த அதே வருஷம் நடந்தது. எத்தனை பேர் வழியில் செத்தார்கள் என்று கேட்டபோது, கணக்கு எதுவும் இல்லை என்று மத்திய அரசு மக்களவையில் சொன்னதும் அதே செப்டம்பரில்தான்.

சரி, கட்சிகளுக்கு இதில் என்ன லாபம்?

ஒரு கட்சிக்கு இரண்டு பேரைத் திருப்திப்படுத்த வேண்டியிருக்கிறது. ஆலை நடத்துகிறவருக்கு மலிவான, எதிர்த்துப் பேசாத ஆள் வேண்டும். உள்ளூர் ஓட்டுக்காரருக்குத் தன் வேலை போகாது என்ற உறுதி வேண்டும். வந்தவர்களை உள்ளே விட்டுக்கொண்டே அவர்களுக்கு உரிமை தராமல் வைத்திருந்தால் முதலாமவருக்கு ஆள் கிடைத்துவிடும். இரண்டாமவரிடம் "நாங்கள் உங்கள் பக்கம்" என்று மேடையில் பேசிக்கொள்ளலாம். ஓட்டில்லாத தொழிலாளிக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

வெறும் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, நடந்ததை வைத்துச் சொல்கிறேன். 2021 தேர்தல் அறிக்கையில் தனியார் வேலையில் 75 சதவீதம் தமிழர்களுக்கு என்று சட்டம் கொண்டுவருவதாக திமுக சொன்னது. அடுத்த நான்கு வருஷத்தில் அப்படி ஒரு சட்டம் சட்டசபைக்கு வரவில்லை. 2023 ஏப்ரல் 21-ல் என்ன வந்தது தெரியுமா? ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் விடவில்லை. மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள், மே 1-ல் திரும்பப் பெற்றார்கள். அந்தத் திருத்தம் உள்ளூர்த் தொழிலாளி, வெளியூர்த் தொழிலாளி என்று பிரித்துப் பார்க்கவில்லை. அதைத் தடுத்ததன் பலனும் இரண்டு பேருக்கும்தான் கிடைத்தது.

பாஜக பக்கம் வருவோம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகாரில் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பாஜக அதைச் சட்டசபையில் கிளப்பியது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. வதந்தி என்று தெரிந்தது. இங்கே அப்போது தமிழக பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை, அன்றைய ஆளுங்கட்சியான திமுகக்காரர்கள் பேசிய பேச்சுதான் காரணம் என்று அறிக்கை விட்டார், அவர் மீது வழக்குப் பதிந்தார்கள். நான் அந்த வாரம் ஜங்ஷனில் நின்றேன். ஹோலிக்குப் போகிறவன் யார், பயந்து போகிறவன் யார் என்று பிரிக்க முடியாத கூட்டம். ஒரு பையன் என்னிடம் கேட்டது, "சாப், திரும்பி வந்தால் வேலை இருக்குமா?" அவன் கேட்ட முதல் கேள்வி உயிரைப் பற்றி இல்லை. அவனுக்காகப் பேசியதாகச் சொன்ன ஒருவரும் அவனுடைய சம்பளத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அதிமுக: 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் ஆதரவாக ஓட்டுப் போட்டது. 2021 தேர்தல் அறிக்கையில் அதே சட்டத்தைக் கைவிடச் சொல்லி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. இடையில் மாறியது தேர்தல் தேதி நெருங்கியது மட்டும்தான். அந்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. நம் மாநிலத்தில் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள், இங்கேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்கள் வரை. 2021-ல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பேர் மாற்றினார்கள். நல்ல பேர்தான். ஆனால் பெயிண்ட் அடிக்கப் போகிற முகாம் இளைஞனுக்கு அரசு வேலையும் கிடையாது, பாஸ்போர்ட்டும் கிடையாது.

75 சதவீதச் சட்டம் உண்மையிலேயே வந்தால் நிற்குமா?

ஹரியானா போட்டது. 2023 நவம்பரில் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கர்நாடகம் 2024 ஜூலையில் மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, கம்பெனிகள் கூச்சல் போட்டதும் சில நாளில் கிடப்பில் போட்டது. இந்தியாவில் எங்கும் போய் வாழவும் தொழில் செய்யவும் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு உரிமை தருகிறது. இதைத் தெரிந்துகொண்டேதான் வாக்குறுதி கொடுக்கிறார்கள்.

நாகாலாந்து மாதிரி, வெளி மாநிலத்தவர் உள்ளே வர அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற உள்நுழைவு அனுமதி முறை கொண்டுவரலாமே?

நாம் தமிழர் கட்சி கேட்கிறது. அந்த முறை 1873-ல் வெள்ளைக்காரன் போட்ட வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறையிலிருந்து வந்தது. தேயிலை, ரப்பர், தந்தம் என்று அவனுடைய வியாபாரத்தைக் காப்பாற்றப் போட்டது. சரி, பழையது என்பதற்காகத் தள்ள வேண்டாம். இங்கே வந்தால் என்ன ஆகும்? அனுமதிச் சீட்டு யார் பொறுப்பில் வரும்? வேலை கொடுப்பவர் பொறுப்பில். சீட்டைப் புதுப்பிப்பது அவர் கையில். ஆணியில் தொங்குகிற நோட்டோடு அரசாங்க முத்திரை குத்திய இன்னொரு காகிதமும் சேரும். வளைகுடா நாடுகளில் தொழிலாளியை முதலாளியோடு கட்டிப்போடும் கஃபாலா முறை என்று நம் ஆட்கள் அழுகிறார்களே, அதுதான் இது. கத்தாரே 2020-ல் முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலை மாறலாம் என்று சட்டத்தை மாற்றிக்கொண்டது.

இந்தக் கோரிக்கையோடு வருகிற இளைஞர்களை நான் வெறுக்கவில்லை. அவர்கள் அம்மாவின் கூலி ஏறாததைப் பார்த்துத்தான் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் ரயில் பெட்டிப் பக்கம் திரும்புகிறது. பட்டறை நோட்டுப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தொழிலாளியைப் பிரித்து ஒரு கட்சி லாபம் பார்த்ததற்கு உதாரணம் உண்டா?

நம் வீட்டிலேயே உண்டு. என் தாத்தாவின் அண்ணன் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆள்பிடிக்கும் கங்காணியோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். சேலம் ஜில்லா அந்த ஆள்பிடிப்புக்குப் பேர்போனது. முன்பணம், துண்டுச் சீட்டு, கடன் கணக்கு, எல்லாம் இன்றைய மேஸ்திரி நோட்டு மாதிரியே.

இலங்கையின் 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் அவர்கள் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு அது பொறுக்கவில்லை. 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949-ல் ஓட்டுரிமை போனது. ஏழு லட்சம் பேருக்கு மேல் நாடற்றவர்கள் ஆனார்கள். கவனியுங்கள், ஒருவரையும் தோட்டத்தை விட்டு அனுப்பவில்லை. தேயிலை பறிக்க அவர்கள் வேண்டும். அவர்களுடைய ஓட்டுதான் வேண்டாம். யாழ்ப்பாணத் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அந்த அரசிலேயே மந்திரியானார். அதை ஏற்காமல் அவர் கட்சியிலிருந்த செல்வநாயகம் பிரிந்துபோய் 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆக, பேசுகிற மொழி ஒன்று என்பதற்காக ஒரு கட்சி தொழிலாளி பக்கம் நிற்கும் என்று நம்ப முடியாது.

1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். அந்த மக்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பெரிய தாத்தா குடும்பத்தில் மூத்த பெண் கப்பல் ஏறி மண்டபம் முகாமுக்கு வந்தார். தம்பி அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பாட்டி சாகும்வரை தேயிலைத் தூளை முகர்ந்து பார்த்து "இது டஸ்ட்டு" என்று ஒதுக்கி வைப்பார். ஊருக்குத் திரும்பி வந்த அவரை ஊர் 'சிலோன்காரி' என்றே கூப்பிட்டது.

பம்பாய்க் கதையும் தெரிந்ததுதான். 1966-ல் சிவசேனா தொடங்கியபோது அடி விழுந்தது தென்னிந்தியர் மேல், அதிலும் நம்மவர் மேல். 'லுங்கிக்காரனைத் துரத்து' என்றார்கள். அதே கட்சி பஞ்சாலைத் தொழிலாளரிடையே கம்யூனிஸ்ட் சங்கங்களை உடைக்கவும் உதவியது. 1970-ல் கம்யூனிஸ்ட் எம்எல்ஏ கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டார், அந்த இடைத்தேர்தலில்தான் சிவசேனாவுக்கு முதல் எம்எல்ஏ கிடைத்தார். அப்போதைய காங்கிரஸ் முதல்வர் வசந்தராவ் நாயக் கண்டும் காணாமல் இருக்கிறார் என்று ஊரே அதை 'வசந்த் சேனா' என்று கூப்பிட்டது. அப்புறம் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் மூடினபோது மராத்தித் தொழிலாளியும்தான் தெருவுக்கு வந்தான்.

அமெரிக்காவில் எப்படி?

படித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கிற கேள்வி இது. அதிபர் ரீகன் காலத்தில், 1986-ல், காகிதமில்லாமல் இருந்த சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டப்படி தங்க அனுமதி கொடுத்தார்கள். காகிதமில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை என்றும் எழுதினார்கள். அனுமதி நடந்தது, தண்டனை பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. நம் இன்ஜினியர்கள் போகிற எச்-1பி வேலை விசா, வேலை கொடுத்த கம்பெனியோடு கட்டியது. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு கம்பெனி பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் டிரம்ப் புது விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றார். அந்தப் பணம் அரசுக்குப் போகும். பையன் கம்பெனியோடு கட்டப்பட்டிருப்பது மட்டும் அப்படியே இருக்கும். சூரமங்கலத்து இன்ஜினியருக்கும் ஒடிசாப் பையனுக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், ஆனால் கட்டு ஒரே மாதிரிதான்.

ஏற்காட்டில் நிலைமை எப்படி?

1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த காலத்திலிருந்து அது கூலி ஆளை நம்பிய மலை. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் பலர் குடகுக்கும் கேரளாவுக்கும் காபி, மிளகு பறிக்கப் போகிறார்கள். அங்கே கூலி கூட. இங்கே அந்த இடத்துக்கு வெளி மாநில ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், காலியான ஒரு வீட்டின் சுவரில் பழைய குடும்பத்தின் பிள்ளைகள் உயரம் அளந்த கரிக்கோடுகள் இருந்தன. அதன் மேலேயே புதிதாக வந்தவர்கள் இந்தியில் போன் நம்பர் எழுதியிருந்தார்கள்.

மலையை விட்டுப் போகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை மறக்க முடியாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். அங்கே அவர்கள் 'தமிழ்நாட்டிலிருந்து வந்த திருடர்கள்'. சங்ககிரி லாரி டிரைவர், திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் வரை போகிற பையன், எல்லாருமே வேறொரு ஊரில் வந்தேறிதான்.

இவர்கள் வந்தபின் குற்றம் கூடிவிட்டதாமே?

திருடன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் போலீஸில் சொல்லுங்கள். ஒருவன் செய்ததற்காக மாடியறையில் தூங்குகிற பத்துப் பேரைத் தெருவில் நிறுத்துவதற்கு நான் வரமாட்டேன்.

இவர்களுக்கு இங்கே ஓட்டுக் கொடுக்கலாமா?

'வழக்கமாகக் குடியிருக்கிற இடத்தில்' ஓட்டு என்கிறது 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். 2025-ல் பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்து வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பேர் விடுபட்டபோது, நிரந்தரமாக வெளியே போனவர்கள் என்பதும் ஒரு பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது. உடனே இங்கே, அவர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்களோ என்று ப. சிதம்பரம் முதல் சீமான் வரை கவலைப்பட்டார்கள். அங்கே பேரை எடுத்தாயிற்று, இங்கே சேர்க்கக் கூடாது. அப்படியானால் அந்த மனிதன் எங்கே ஓட்டுப் போடுவான்?

பத்து வருஷம் இங்கே குடும்பத்தோடு இருந்து, பிள்ளையைப் பள்ளப்பட்டி அரசுப் பள்ளியில் சேர்த்து, அந்தப் பிள்ளை திருக்குறள் ஒப்பிக்கிறது என்றால் அப்பாவுக்கு இங்கே ஓட்டு இருப்பதில் எனக்குத் தடையில்லை. நம் ஊர் அரசியலை ஹிந்தியில் பேசிப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் மும்பைத் தாராவியில் தமிழனுக்கு ஓட்டு இருப்பதை நாம் பெருமையாகப் பேசுகிறோமே.

கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தால் என்ன கேட்பது?

எத்தனை பேரை உள்ளே விடுவீர்கள் என்று கேட்காதீர்கள். அதற்கு எந்த எண்ணையும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இதைக் கேளுங்கள்: நம் தொகுதியில் குறைந்தபட்சக் கூலி தராத பட்டறை மேல் போன வருஷம் எத்தனை வழக்குப் போட வைத்தீர்கள்? தொழிலாளர் ஆய்வாளர் பணியிடம் எத்தனை காலி? 10 பேருக்குக் குறைவான பட்டறைக்கும் பதிவு வேண்டும் என்று மாநில அரசு விதி கொண்டுவருமா? ஆதாரைப் பிடித்துவைத்த மேஸ்திரி மேல் எஃப்ஐஆர் போடச் சொல்வீர்களா? எங்கள் தெருவில் போன தேர்தலுக்கு வந்த மூன்று கட்சிக்காரர்களிடமும் கேட்டேன். ஒருவர் மட்டும் குறித்துக்கொண்டு போனார்.

பக்கத்துப் பட்டறையில் வெளி மாநிலப் பையனுக்கு அடிபட்டால் நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், வேலை செய்யும்போது அடிபட்டது என்று பதியச் சொல்லுங்கள். 'படியில் வழுக்கி விழுந்தான்' என்று எழுத விடாதீர்கள், அந்த ஒரு வரியில் வழக்கே போய்விடும். பட்டறை, மெஷின், அவன் கை, எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவனாக இருந்தாலும் வேலை வாங்கிய முதலாளியும் பொறுப்பு. 1923-லிருந்து இருக்கிற இந்த இழப்பீட்டு உரிமை இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும்.

மேலே சொன்ன ஒடிசாப் பையனுக்குப் போன ஆடியில் அச்சு மெஷினில் இரண்டு விரல் போனது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது சங்கிலி கோக்கிற அந்த அக்கா. சாட்சிக் கையெழுத்தும் அவர்தான் போட்டார். அதோடு அந்தப் பட்டறை அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது. வழக்கு நடக்கிறது, அடுத்த விசாரணைக்கு இரண்டு பேரையும் நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன்.